மருந்து நிறுத்தியதும் திரும்பி வரும் காதுவலி: உங்கள் அனுபவம் என்ன?

இரண்டு பிள்ளைக்காரி

சின்னவனுக்கு மூன்று வயது. ஒன்பது மாதத்தில் ஐந்து முறை காதுவலி. ஒவ்வொரு முறையும் நடுராத்திரியில் காதைப் பிடித்துக்கொண்டு அழுவான், காய்ச்சல் அடிக்கும், மறுநாள் ஆன்டிபயாடிக் சிரப். மூன்றாம் நாள் ஓடி விளையாடுவான். மருந்து முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்காது, மறுபடியும் அதே அழுகை.

முதல் இரண்டு முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது முறை, "டோஸ் ஒழுங்காகக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். காலை, இரவு என்று இரண்டு கட்டம், கொடுத்ததும் பேனாவால் டிக். நான்காவது, ஐந்தாவது முறைகளில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஆனாலும் திரும்பி வந்தது. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.

அப்புறம்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று சொன்னதும் காதுக்குள் கேமரா விட்டுத் திரையில் காட்டினார். செவிப்பறை பளபளவென்று இருக்க வேண்டுமாம். இவனுக்கு மங்கிப்போய், மஞ்சளாக, உள்ளே இரண்டு குமிழிகள் தெரிந்தன. வலியே இல்லாத நாட்களிலும் நீர் அப்படியே தேங்கி நின்றிருக்கிறது. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இந்த பாக்டீரியா உள்ளே தனித்தனியா நீந்திக்கிட்டு இல்லம்மா. ஒட்டிக்கிட்டு, மேலே போர்வை போத்திக்கிட்டுக் குடித்தனம் நடத்துது. சிரப் வாசல்ல நிக்கிறவங்களை மட்டும் விரட்டுது."

பயோஃபிலிம், அதாவது உயிரிப்படலம் என்றார். பல்லில் படியும் மாவும் அதுதானாம். "வாயைக் கொப்பளிச்சா மாவு போயிடுமா? தேய்ச்சாத்தானே போகும்?" என்று கேட்டார். மூன்று மாதம் காத்திருந்து பார்த்தோம், நீர் வடியவில்லை. கடைசியில் நீர் வடிவதற்காகச் செவிப்பறையில் கிரோமெட் என்ற குட்டிக் குழாயை வைத்து, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் எடுத்தார்கள். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஆய்வகத்து ஆள்

சகோதரி, உங்கள் மகனுடையது போன்ற பரிசோதனை மாதிரிகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். நடுக்காது நீர் பசை மாதிரி இருக்கும், குச்சியில் எடுத்தால் நூலாக நீளும். தட்டில் தடவி, சூட்டில் வைத்து, 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாதி நாள் ஒன்றும் இருக்காது. "வளர்ச்சி இல்லை" என்று எழுதி அனுப்பிவிடுவேன். அந்த வார்த்தையை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. "கிருமி இல்லை" என்றே பெற்றோர் அதைப் படித்திருப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

கல்ச்சரில், அதாவது அப்படித் தட்டில் வளர்த்துப் பார்த்ததில், எதுவும் வளராத நடுக்காது நீரில் பாக்டீரியாவின் டிஎன்ஏ இருப்பதை, துளி டிஎன்ஏவையும் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை மூலம் 1995லேயே காட்டிவிட்டார்கள். செத்த கிருமியின் மிச்சமாக இருக்கலாமே என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. 1998இல் அதே போன்ற நீரில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்ற பாக்டீரியாவின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய டிஎன்ஏவிலிருந்து எடுக்கும் நகல்) கிடைத்தது. அது சீக்கிரம் சிதைந்துவிடும் பொருள், உயிரோடு வேலை செய்கிற செல்லில்தான் இருக்கும். அப்புறம் 2006இல் கிரோமெட் வைக்க வந்த 26 குழந்தைகளின் நடுக்காதுச் சவ்விலிருந்து துளித்துளியாக எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 50 மாதிரிகளில் 46இல் படலம் நேரடியாகத் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, காக்ளியர் இம்பிளான்ட் (கேட்க உதவும் உள்காதுக் கருவி) அறுவைக்கு வந்தவர்களிடமிருந்து எடுத்த 8 மாதிரிகளில் ஒன்றிலும் இல்லை. நான் அந்தக் கட்டுரையை ஒரு ராத்திரி ஷிப்டில் படித்தேன். மறுநாள் "வளர்ச்சி இல்லை" என்று எழுதக் கை கொஞ்சம் தயங்கியது, உண்மையைச் சொன்னால்.

மருந்து ஏன் எடுபடுவதில்லை என்றால், அந்தப் போர்வை சர்க்கரைச் சங்கிலி, புரதம், கிருமிகளே வெளியே விட்ட டிஎன்ஏ எல்லாம் கலந்த ஒரு கோந்து. சில மருந்துகள் அதில் சிக்கி மெதுவாகத்தான் உள்ளே போகும். ஆனால் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது கோந்து அல்ல, உள்ளே இருப்பவர்களின் தூக்கம். அடியில் இருக்கும் கிருமிக்குக் காற்றும் தீனியும் குறைவு, அதனால் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடும். அமாக்சிசிலின் போன்ற மருந்து, கிருமி தன் சுவரைக் கட்டும்போதுதான் அதைக் கெடுக்கும். கட்டட வேலையே நடக்காத இடத்தில் அதற்கு என்ன வேலை? இப்படி மருந்துக்குத் தப்பித் தூங்கும் சிறுபான்மைக்கு ஜோசப் பிக்கர் என்ற ஆய்வாளர் 1944லேயே 'பெர்சிஸ்டர்' என்று பேர் வைத்துவிட்டார். பென்சிலின் ஊற்றியும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் சில மட்டும் சாகாமல் கிடப்பதை அவர் கவனித்திருந்தார். மருந்து நின்றதும் அவை விழித்துக்கொள்ளும். உங்கள் மூன்று வாரக் கணக்குக்கு இது பொருந்துகிறது, இல்லையா?

இன்னொன்று. இந்தக் கிருமிகளின் பரம்பரையில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்க வேண்டும் என்பதில்லை. படலத்தைக் கலைத்துத் தனித்தனியாக விட்டால் அதே மருந்தில் செத்துவிடும். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்க நாங்கள் செய்யும் சென்சிடிவிட்டி பரிசோதனையும் அப்படிக் கலைந்து வளரும் கிருமியை வைத்துத்தான். அதனால் 'சென்சிடிவ்' என்று தாளில் வந்த மருந்து காதில் தோற்பது வியப்பில்லை. ஃபிரிட்ஜ் தாளைக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் டோஸ் தவறவிடவில்லை.

மூக்கால் பேசுபவன்

எனக்குக் காது இல்லை, சைனஸ். 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்பார்கள். எனக்கு 12 மாதம். முகத்தில் பாறாங்கல் வைத்த மாதிரி பாரம், மணமே தெரியாது. அறுவை சிகிச்சை முடிந்து, "இனி தினமும் உப்புநீரால் கழுவணும்" என்றபோது சிரித்துவிட்டேன். இதற்கா இத்தனை செலவு செய்து துளை போட்டீர்கள் என்று கேட்டேன். "கழுவுற தண்ணி உள்ளே போறதுக்குத்தான் துளை" என்றார். அதற்குப் பிறகு வாக்குவாதம் செய்யவில்லை. முதல் வாரம் கழுவும்போது பச்சையாக, ஓடு மாதிரி ஒரு துண்டு வந்து விழுந்தது. பார்க்க அருவருப்பு, ஆனால் ஒரு நிம்மதி. கொதிக்க வைத்து ஆற்றிய நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

பழைய இருமல்

நான் பதினாறு வருடமாக பிராங்கியெக்டேசிஸ்காரன். மூச்சுக்குழாய்கள் தளர்ந்து விரிந்து, சளி அங்கேயே தங்கிவிடும். தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்து குடியேறும். அது முதல் முறை சளிப் பரிசோதனையில் வந்தபோது மருத்துவர் பதறினார், எனக்குப் புரியவில்லை. இருமல் கூடக் கூடவில்லையே என்றேன். இப்போது புரிகிறது. வந்த புதிதில் அடித்து விரட்டினால் போகும் வாய்ப்பு உண்டு. வேர் பிடித்துவிட்டால், வழவழவென்று பசை சுரக்கும் வடிவத்துக்கு மாறிவிட்டால், அடக்கி வைக்கலாமே தவிர ஒழிப்பது கஷ்டம்.

நான் அப்போது மருந்தைப் பாதியில் விட்டேன். ஒரு மாதம் நெபுலைசரில் இழுக்க வேண்டிய ஆன்டிபயாடிக், இரண்டு வாரத்தில் உடம்பு லேசானதும் எடுத்து வைத்துவிட்டேன். இரண்டாவது பரிசோதனையிலும் அதே பெயர், மூன்றாவதிலும் அதே பெயர். முழுக்க எடுத்திருந்தால் போயிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி. அதுதான் என் பல் துலக்கல், சகோதரியின் காது மருத்துவர் சொன்ன கணக்கில் பார்த்தால்.

சும்மா கேட்கிறேன்

எல்லாரும் கோபிக்காதீர்கள். இப்போது எதற்கெடுத்தாலும் பயோஃபிலிம் என்கிறார்கள். திரும்பத் திரும்பச் சளி பிடிக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் யூஸ்டேகியன் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாக, படுத்த வாக்கில் இருக்கிறது, அதனால் நீர் வடிவதில்லை. நடுக்காதில் நீர் கோத்த குழந்தைகளில் நிறையப் பேருக்கு மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். அப்புறம் 'படலத்தைக் கரைக்கும்' மாத்திரை என்று இணையத்தில் விற்கிறார்களே, அதை யாராவது வாங்கினீர்களா?

ஆய்வகத்து ஆள்

வாங்க வேண்டாம். கண்ணாடித் தட்டில் படலத்தைக் கரைப்பது வேறு, குழந்தையின் நடுக்காதில் கரைப்பது வேறு. மற்ற இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். வைரஸ் வருகிறது, சவ்வு வீங்குகிறது, குழாய் அடைக்கிறது, ஏற்கெனவே குடியிருக்கும் படலத்திலிருந்து கிருமிகள் கிளம்புகின்றன. ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை என்று ஆகாது. காத்திருந்து பார்க்கச் சொல்வதும் சரிதான். அவர்கள் மூன்று மாதம் காத்திருந்தார்களே.

ஈர இருமல் அப்பா

என் மகளுக்கு ஐந்து வாரமாக ஈர இருமல். காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று இடத்தில் ஆஸ்துமா என்று பஃப் கொடுத்தார்கள், குறையவில்லை. நான்காவது மருத்துவர் எதுவும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு அவள் இருமுவதை இரண்டு நிமிடம் கேட்டார். "கரகரன்னு சளி உருளுது பாருங்க, இது வறட்டு இருமல் இல்லை" என்றார். நீடித்த பாக்டீரியா பிராங்கைட்டிஸ் என்று பெயர் சொல்லி, இரண்டு வாரம் அமாக்சிசிலின் கிளாவுலனேட் கொடுத்தார். வழக்கமான ஐந்து நாள் இதற்குப் போதாதாம். பத்தாம் நாள் ராத்திரி வீட்டில் சத்தமே இல்லை. எழுந்து போய் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன்.

இரண்டு பிள்ளைக்காரி

எல்லாருக்கும் நன்றி. அதற்குப் பின் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கிரோமெட் வைத்த நான்காம் மாதம் காதிலிருந்து சீழ் வடிந்தது. பயந்துபோய் மறுபடி சிரப்தானா என்று கேட்டேன். இல்லை, சொட்டு மருந்து மட்டும் போதும் என்றார்கள். 0.3 சதவீத சிப்ரோஃப்ளாக்சசின். ஒரு மில்லியில் 3 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மாத்திரையாக விழுங்கினால் ஒரு மில்லி ரத்தத்தில் சில மைக்ரோகிராம்தான் சேருமாம். காதில் விடும்போது ஆயிரம் மடங்கு செறிவு, அதுவும் நேராக அந்த இடத்திலேயே. கிரோமெட்டின் ஓட்டை வழியாக உள்ளே இறங்குவதற்குக் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை நாலைந்து தடவை விரலால் அழுத்தச் சொன்னார். ஒரு வாரத்தில் நின்றது. வீட்டில் ஒருவர் சிகரெட்டை விட்டதும் அந்த மாதம்தான், யார் என்று சொல்ல மாட்டேன்.

பதினொன்றாம் மாதம் கிரோமெட் தானாகக் கழன்று, காதுமெழுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. எள்ளு அளவு நீல வளையம். இப்போது பக்கத்து அறையிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாலும் "என்ன?" என்கிறான். சில சமயம் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறான், அது வேறு நோய். செவிப்பறையில் ஓட்டை மூடிவிட்டதா என்று பார்க்க அடுத்த வாரம் போகிறோம். மூடுவதற்கு எத்தனை நாள் ஆனது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.