கூம்புத் தொட்டிக் கணக்கில் விடை மூன்று மடங்காக வருகிறது: பிழை எங்கே?

கேள்வி:
வணக்கம். நுண்கணிதத்தில் தொடர்புடைய வீதங்கள் (ஒன்றையொன்று சார்ந்த அளவுகள் மாறும் வேகங்கள்) பகுதியை நானாகவே படித்து வருகிறேன். தலைகீழாக நிறுத்திய கூம்பு வடிவத் தொட்டியின் உயரம் 10 மீட்டர், மேல்விளிம்பின் ஆரம் 5 மீட்டர். நிமிடத்துக்கு 2 கன மீட்டர் வீதம் நீர் நிரப்பப்படும்போது, ஆழம் 4 மீட்டராக இருக்கும் கணத்தில் நீர்மட்டம் எந்த வேகத்தில் உயர்கிறது என்பது கணக்கு. வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு அக்கணத்தில் நீர்ப்பரப்பின் ஆரம் 2 மீட்டர் என்று கண்டு, அதைக் கன அளவுச் சூத்திரத்தில் (பை (π) × ஆரத்தின் வர்க்கம் × ஆழம் ÷ 3) இட்டு, பிறகு நேரத்தைப் பொறுத்து வகையிட்டேன், அதாவது மாறும் வீதத்தைக் கண்டேன். நிமிடத்துக்கு 0.477 மீட்டர் வருகிறது. புத்தகத்தின் விடையோ 0.159. பலமுறை சரிபார்த்தும் பிழை தென்படவில்லை.

பதில்:
உங்கள் கணக்கீடு சரியானதே; ஆரத்துக்கு 2 என்று இட்ட இடம்தான் தவறு. வகையிடுவதற்கு முன்பே எண்ணை இட்டதால், நீர் ஏற ஏற விரியும் ஆரத்தை நீங்கள் மாறிலியாக்கிவிட்டீர்கள். ஆரம் எப்போதும் ஆழத்தில் பாதி என்ற உறவை முதலில் சூத்திரத்தில் இடுங்கள். அப்போது கன அளவு, பை பெருக்கல் ஆழத்தின் மும்மடி வகுத்தல் 12 ஆகும். சங்கிலி விதிப்படி (ஆழமும் நேரத்தோடு மாறுவதால் அது மாறும் வீதத்தாலும் பெருக்கி) வகையிட்டால், கன அளவு மாறும் வீதம் = பை × ஆழத்தின் வர்க்கம் ÷ 4 × ஆழம் மாறும் வீதம். இப்போது ஆழத்துக்கு 4 இடுங்கள்: 2 = 4 பை × வீதம்; ஆகவே வீதம் 1 ÷ (2 பை), அதாவது 0.159.

மற்றொரு பதில்:
மேலே வந்த 4 பை என்பது அக்கணத்தில் நீர்ப்பரப்பின் பரப்பளவேதான் என்பதைக் கவனியுங்கள். உட்புகும் நீர் அந்தப் பரப்பின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் பரவுகிறது என்று எண்ணிப் பார்த்தால், 2-ஐ 4 பையால் வகுப்பது ஏன் என்பது தானே விளங்கும். எந்த வடிவத் தொட்டிக்கும் இந்தச் சரிபார்ப்பு பொருந்தும் என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்தமானது. விடை சரியாக மூன்று மடங்கானதற்கும் காரணம் உண்டு: ஆரத்தை நீக்காமல் பெருக்கல் விதியால் (ஆரம், ஆழம் இரண்டும் மாறுவதைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டி) வகையிட்டால், பை ÷ 3 × (8 + 4) × ஆழம் மாறும் வீதம் என்று வரும், ஆரம் விரிவதால் வரும் 8 உங்கள் வழியில் விடுபட்டு, 12-க்குப் பதிலாக 4 மட்டுமே எஞ்சியது.

கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது 0.159 கிடைத்துவிட்டது. ஆனால் சுவரில் சாய்ந்த ஏணி சறுக்கும்போது, அடிமுனை சுவரிலிருந்து 3 மீட்டரில் இருக்கும் கணத்தில் மேல்முனையின் வேகத்தைக் கேட்கும் கணக்கில், ஏணியின் நீளம் 5 மீட்டர் என்பதைத் தொடக்கத்திலேயே இடுகிறார்களே, அது மட்டும் எப்படிச் சரியாகும்?

பதில்:
ஏணி சறுக்கினாலும் அதன் நீளம் மாறுவதில்லை என்பதால் சரியாகும். அடிமுனை சுவரிலிருந்து 3 மீட்டர் தொலைவில் இருப்பதோ ஒரு கணத்துக்கு மட்டுமே உண்மை. அந்த எண் வகையிட்ட பிறகே வரவேண்டும். அடிமுனை வினாடிக்கு 1 மீட்டர் விலகினால், அக்கணத்தில் மேல்முனையின் உயரம் மாறும் வீதம் வினாடிக்கு −0.75 மீட்டர் என்று கிடைக்கும். மேல்முனை கீழிறங்குவதை அந்தக் குறைக் குறி காட்டுகிறது, அதை விட்டுவிடாதீர்கள்.