ஜப்பானியமா, சீனமா: தடுமாறிய அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

யோகோஹாமாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் பக்கத்து மேசையில் சீனாவிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். இருவருமே வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊருக்குக் கடிதம் எழுதினேன் என்று அவரிடம் சொல்ல விரும்பி, அன்று காலை கற்ற இரண்டு காஞ்சி எழுத்துகளை, அதாவது ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகளை, சீட்டில் எழுதி நீட்டினேன். முதல் எழுத்துக்குக் கை என்று பொருள், அடுத்ததற்குத் தாள் என்று பொருள்; சேர்த்து 'தெகாமி' என்று படித்தால் ஜப்பானியத்தில் கடிதம். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து சென்று ஒரு சுருள் கழிப்பறைத் தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். சீனத்தில் அதே இரண்டு எழுத்துகளுக்கு அதுதான் பொருள்.

எழுத்து ஒன்றாக இருப்பதால் மொழியும் ஒன்று என்று அதுவரை நினைத்திருந்தேன். சீன எழுத்து கொரியத் தீபகற்பத்தின் வழியாக ஜப்பானுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே சீனத்தோடு உறவில்லாத ஒரு மொழி ஏற்கெனவே வழங்கிவந்தது. ஆகவே பல எழுத்துகளுக்குச் சொந்தச் சொல் ஒன்றும், கடன் வாங்கிய சொல் ஒன்றும் எனக் குறைந்தது இரண்டு ஒலிப்புகள் நிலைத்துவிட்டன. மலைக்கு 'யாமா' என்பது சொந்தச் சொல், 'சான்' என்பது சீனத்திலிருந்து வந்தது. 'ஃபூஜி சான்' என்பதில் உள்ள 'சான்' ஆட்பெயரோடு ஜப்பானியர் சேர்க்கும் மரியாதை விகுதி அன்று, இந்த மலைதான்.

தேநீர் குடிக்கிறேன் என்பதைச் சீனர் 'நான் குடி தேநீர்' என்ற வரிசையில் சொல்கிறார். ஜப்பானியர் 'ஓச்சா ஓ நோமிமாஸ்' என்கிறார்: தேநீர் முதலில், வினை கடைசியில், நடுவே நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்யும் 'ஓ'. இதில் 'ச்சா' மட்டும் சீனச் சரக்கு, வாக்கியத்தின் எலும்புக்கூடு ஜப்பானுடையது. பெயர்ப்பலகையில் கட்டமான எழுத்துகளுக்கு நடுவே ஜப்பானியருக்கே உரிய, வளைந்த ஒலியெழுத்தான ஹிரகானா தெரிந்தால் ஜப்பானியம் என்று இப்போது அடையாளம் கண்டுகொள்கிறேன்.

மறுமொழி 1

அந்த அடையாளமும் சில நேரம் காலை வாரிவிடும். தைவானின் தைபேயில் மாண்டரின் சீனம் படித்தபோது, தெருக்கடைப் பலகைகளில் 'உடைய' என்ற பொருள் தரும் 'நோ' என்னும் ஹிரகானா எழுத்தைக் கண்டு, ஜப்பானியர் கடை என்று உள்ளே நுழைந்திருக்கிறேன். ஜப்பானிய மிடுக்குக்காக உள்ளூர்க்காரர்கள் எழுதிவைத்தது அது.

ஜப்பானியத்தின் ஈரெழுத்துச் சொல் எல்லாம் சீனாவிலிருந்தே போயிருக்கும் என்று வகுப்பில் நான் வாதிட்டபோது, ஆசிரியர் தொலைபேசிக்கான சொல்லைப் பலகையில் எழுதினார். 'தென்வா' என்று ஜப்பானில் உருவாகி, 'தியென்ஹுவா' என்று சீனத்துக்குள் நுழைந்த சொல் அது. தத்துவத்துக்கான சொல்லும் அப்படியே. அதை உருவாக்கியவர் ஜப்பானிய அறிஞர் நிஷி அமானே, 1874இல் வெளியான தம் நூலில் அதை ஆண்டிருக்கிறார்.

மறுமொழி 2

எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு மூலமும் வந்து சேர்ந்தது. ஒசாகாவில் பள்ளியில் சேர்ந்த மகள் ஹிரகானாவை ஒப்பித்தாள்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந. எழுத்துகளின் வடிவம் சீனத்திலிருந்து சுருங்கி வந்ததாயினும், இந்த அடுக்குமுறை பௌத்தத் துறவிகள் பயின்ற சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட 'சித்தம்' என்னும் இந்திய எழுத்து மரபிலிருந்து வந்தது. தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு மனக்குறை: "ஆவன்னா, ஈயன்னா எல்லாம் எங்கேடி போச்சு?"