ஃபிங்கர் பெயின்டிங்னாலே பையன் அழறான், கட்டாயம் பண்ண வைக்கணுமா?

திருப்பூர்அம்மா:
வணக்கம்ங்க எல்லாருக்கும். பையனுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது, வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ப்ளே ஸ்கூல்ல காலைல மட்டும் விடறோம். அங்க வெள்ளிக்கிழமை ஆனா ஃபிங்கர் பெயின்டிங். மத்த பிள்ளைங்க பண்ணது எல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல வருது, உள்ளங்கை அச்சுல மயில், கட்டைவிரல் அச்சுல திராட்சைக் கொத்து, பார்க்கவே அவ்ளோ நீட்டா இருக்கு. இவன் என்னடான்னா பெயின்ட்ல கை பட்டாலே கத்தி ஊரைக் கூட்டிடறானாம், மிஸ் கையப் பிடிச்சு அமுக்கி அச்சு எடுத்து அனுப்பறாங்க, இவன் அழுது வீங்கின கண்ணோட வீட்டுக்கு வர்றான். இத்தனைக்கும் வீட்ல ரசம் சாதத்தப் பிசைஞ்சு தலைல தேச்சுக்கற ஆளுதான்.

எங்கத்தை "அந்தச் சாயத்துல என்னென்ன கலந்திருக்கோ, வாயில வச்சுக்குவான், இதெல்லாம் எதுக்கு இப்ப"ங்கறாங்க. வீட்டுக்காரர் "ஃபீஸ் வாங்கறதுக்கு கணக்கு காட்டறாங்க"ங்கறார். இது நெஜமாவே வளர்ச்சிக்குத் தேவையா? வீட்ல பண்ணலாம்னா என்ன பெயின்ட் வாங்கறது? அப்பறம் தொட்டா அழறது ஏதாச்சும் பிரச்சனையா இருக்குமோ? ராத்திரி உக்காந்து நெட்ல தேடிப் பார்த்து தூக்கம் போனதுதான் மிச்சம்.

ரெட்டைவாலு_மம்மி:
மயில் பண்ணது பிள்ளை இல்லீங்க, மிஸ்தான் 😄 ரெண்டு வயசுக்குள்ள எந்தப் பிள்ளையும் கைய நேரா வச்சு அச்சு எடுத்துட்டு அலுங்காம தூக்காது, தேய்க்கும், இழுக்கும், பேப்பரைக் கிழிக்கும். அந்த குரூப் போட்டோவ பார்த்து ஒப்பிடாதீங்க மொதல்ல.

வீட்ல பண்ண கடை பெயின்டே வேண்டாம். அரை கப் கார்ன் ஃப்ளோர், ரெண்டு கப் தண்ணி, கட்டியில்லாம கரைச்சு அடுப்புல வச்சு கைவிடாம கிண்டுங்க, கண்ணாடியா கூழ் பதத்துக்கு வந்ததும் இறக்கி நல்லா ஆற விட்டு கிண்ணத்துல பிரிச்சுக்கோங்க. பீட்ரூட் துருவிப் பிழிஞ்ச சாறு, கீரை அரைச்சு வடிகட்டின தண்ணி, ஒரு சிட்டிகை மஞ்சள், அவ்ளோதான் கலர். மைதாவுலயும் பண்ணலாம், ஆனா எந்த மாவா இருந்தாலும் வேக வச்சுத்தான் குடுக்கணும், பச்சை மாவு வாயில போனா கிருமி வயித்துக்குப் போகும். அன்னன்னைக்குப் பண்ணி அன்னன்னைக்கே கொட்டிடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு சாயந்திரமே நாறிடும். கலர் கோலப்பொடி, ஹோலிப் பொடி, கடைக் குங்குமம் இதெல்லாம் கலருக்குன்னு போட்டுறாதீங்க, அதுல என்ன சாயம் இருக்குன்னு யாருக்குமே தெரியாது.

மஞ்சக்கறை துணில பட்டா சோப்பு போட்டதும் சிவப்பா மாறும், பயந்துறாதீங்க, ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு கலந்தா சிவக்குதே அதே சமாச்சாரம்தான். நல்லா அலசி நல்ல வெயில்ல போட்டா வெளுத்துரும். (அதுக்காக ஆரத்திக் கரைசலை பிள்ளை கைல குடுத்துறாதீங்க, சுண்ணாம்பு கண்ணுல பட்டா அவ்ளோதான்.)

ஓடி_கோவை:
நான் குழந்தைங்களுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது கை வேலை, தொடு உணர்வு மாதிரி அன்றாட விஷயங்கள்ல பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்கறது என் வேலை. உங்க பையனைப் பார்க்காம எதையும் உறுதியா சொல்ல முடியாது, பொதுவா சொல்றேன்.

ரசம் சாதத்துக்கும் பெயின்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. சாதத்தை எப்ப தொடணும், எவ்ளோ தொடணும், எப்ப கைய எடுக்கணும்னு அவன்தான் முடிவு பண்றான். ஸ்கூல்ல அவன் கைய இன்னொருத்தர் பிடிச்சு, ஜில்லுன்னு பிசுபிசுன்னு இருக்கற ஒண்ணுல அமுக்கறாங்க. அழாம என்ன பண்ணுவான்? அதனால மொதல்ல அந்த அமுக்கறத நிறுத்தச் சொல்லுங்க. ஒரு தடவை பயந்துட்டா அடுத்த வாரம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததுமே ஆரம்பிச்சுருவான்.

வீட்ல மொதல்ல கை படாமலே ஆரம்பிங்க. ஜிப் கவர்ல ரெண்டு கலர் பெயின்ட் ஊத்தி காத்தில்லாம மூடி, தரைல டேப் போட்டு ஒட்டிடுங்க, மேல விரலால அழுத்தி இழுத்து விளையாடட்டும், ரெண்டு கலரும் கலந்து மூணாவதா ஒண்ணு வர்றத பார்ப்பான். அப்பறம் ஸ்பூன், பிரஷ், ஸ்பான்ஜ். பக்கத்துலயே ஈரத்துணி வச்சுருங்க, எப்ப வேணும்னாலும் தொடைச்சுக்கலாம்னு தெரிஞ்சா தைரியம் தானா வரும். நீங்களும் உக்காந்து உங்க கைல பூசுங்க, "நீயும் பண்ணு"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

தேவையான்னு கேட்டீங்க. இந்த வயசுல பிள்ளைங்க க்ரேயானை முஷ்டியில பிடிச்சு தோள்பட்டையிலிருந்து மொத்தக் கையையும் ஆட்டித்தான் கிறுக்குவாங்க. மணிக்கட்டும் விரலும் தனியா வேலை செய்யறது மெதுவாத்தான் வரும். ரெண்டு வயசு வாக்குல நேர்கோடு, மூணு வயசுல வட்டம், நாலு வயசு கிட்ட பிளஸ் குறி, ஏறக்குறைய இந்த வரிசைல பார்த்துப் போடுவாங்க. ஃபிங்கர் பெயின்டிங்ல பென்சில் பிடிக்கற வேலையே இல்லாததால, விரலை ஒவ்வொண்ணாப் பிரிக்கறது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கறது, இடது பக்கம் இருக்கறத வலது கையால எட்டிப் போடறது எல்லாம் விளையாட்டாவே நடக்கும். மொத்தக் கையையும் ஆட்டறதாலதான் சின்ன ஏ4 ஷீட் குடுக்கறது வேஸ்ட். பழைய காலண்டர் தாளைத் திருப்பி தரைல விரிங்க, இல்லன்னா சுவத்துல ஒட்டுங்க, நின்னுகிட்டு பூசினா தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல வேலை. ஆனா பெயின்ட் ஒண்ணும் மருந்து இல்ல. சப்பாத்தி மாவு, ஈர மண், பக்கெட் தண்ணி, இதுலயும் இதே வேலையில பாதிக்கு மேல நடக்கும்.

எப்ப டாக்டர்கிட்ட காட்டணும்னா, பெயின்ட் மட்டும் இல்லாம மண், புல், தலைக்கு ஊத்தறது, முடி வெட்டறது, புதுச் சாப்பாடு எல்லாத்துக்கும் இப்படித் தாங்க முடியாம அழுதா, கூடவே பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலைன்னா, வேணுங்கறத விரல் நீட்டிக் காட்டலைன்னா, ரெண்டு வயசு ஆகியும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலைன்னா. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைங்கள்ல பிள்ளைங்க வளர்ச்சியைப் பார்க்கறதுக்குன்னே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (DEIC) இருக்கு, இலவசமாவே பார்ப்பாங்க.

சும்மாஒருத்தன்:
நாங்கல்லாம் எந்த பெயின்டிங் பண்ணி வளர்ந்தோம்? தெருவுல விட்டாங்க, வளர்ந்தோம், எழுதப் படிக்க வரலியா என்ன?

பால்வாடி_டீச்சர்:
தம்பி, தெருவுல விட்டாங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்களே. அங்க மண்ணு இருந்துச்சு, சேறு இருந்துச்சு, வாசல்ல அம்மா போட்ட கோலத்தக் கையால அழிச்சு அடி வாங்கியிருப்பீங்க. மூணாவது மாடி ஃப்ளாட்ல இருக்கற புள்ள எங்க போகும்? திண்ணைப் பள்ளிக்கூடத்துலயும் மணல்ல விரலால எழுதித்தான் ஆரம்பம், விஜயதசமி அன்னைக்கு இன்னைக்கும் தட்டுல அரிசியப் பரப்பி விரலப் பிடிச்சு அ போட வைக்கறோம்.

ஆனா ரெண்டையும் ஒண்ணாக்கிறாதீங்க. அது எழுத்து, இது விளையாட்டு. பெயின்ட்ல அ எழுது, ஆ எழுதுன்னு ஆரம்பிச்சா போச்சு. வேலை பார்த்த காலத்துல நான் எந்தப் புள்ளையையும் என்ன வரைஞ்சன்னு கேட்டதே இல்ல, வழவழன்னு இருக்கா, சில்லுன்னு இருக்கான்னு பேச்சுக் குடுப்பேன், அதுங்களும் திருப்பிச் சொல்லும்.

பழையபேப்பர்:
ஒரு கொசுறு. இந்த ஃபிங்கர் பெயின்ட பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு வந்தது ரூத் ஃபைசன் ஷான்னு ஒரு அமெரிக்க டீச்சர், 1920கள்ல ரோம்ல பள்ளிக்கூடம் நடத்தினவங்க. காயத்துக்கு அயோடின் போட்டுட்டு வாடான்னு பாத்ரூமுக்கு அனுப்பின பையன் அந்த அயோடினை சுவர் பூரா பூசி விளையாடிட்டு இருந்தானாம், அதைப் பார்த்துத்தான் யோசனை வந்துச்சுன்னு சொல்லுவாங்க. ஆக இந்த சமாச்சாரம் பொறந்ததே பாத்ரூம்லதான், நீங்களும் அங்கயே வச்சுக்கோங்க, பூசி முடிச்சதும் அப்படியே குளிப்பாட்டிரலாம் 😂

பொம்மைக்கடை:
கடை பெயின்ட் வாங்கறதா இருந்தா ஃபிங்கர் பெயின்ட்னே போட்டிருக்கணும். போஸ்டர் கலர், அக்ரிலிக் எல்லாம் வேற, மலிவா கிடைக்குதேன்னு வாங்கிறாதீங்க. இந்தியாவுல 2021 ஜனவரியிலிருந்து பொம்மைங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பொம்மைப் பாதுகாப்புக்கான ஐஎஸ் 9873ங்கற தரத்துல ஏழாவது பாகமே ஃபிங்கர் பெயின்டுக்குத்தான். டப்பால முத்திரை, வயசு, காலாவதி தேதி மூணும் பாருங்க. நான்-டாக்ஸிக்னு போட்டிருந்தா தின்னலாம்னு அர்த்தம் இல்ல. ஐரோப்பாவுல விக்கற ஃபிங்கர் பெயின்ட்ல பிள்ளைங்க நக்கக் கூடாதுன்னே கசப்பு சேர்த்திருப்பாங்க. எல்லாத்தையும் வாயில வைக்கற பிள்ளைன்னா மேல அந்தம்மா சொன்ன கூழே நல்லது, எனக்கு வியாபாரம் போனாலும் பரவால்ல.

திருப்பூர்அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. பேர் சொன்னா திரும்பறான், விரல் நீட்டி எல்லாத்தையும் கேக்கறான், "அப்பா வண்டி", "பால் வேணா"ன்னு பேசறான், மண்ணுல இறக்கி விட்டா எந்திரிக்கவே மாட்டான். அதனால கொஞ்சம் நிம்மதி. நேத்து பீட்ரூட் கூழ் பண்ணி பாத்ரூம்ல வச்சேன். மொதல்ல கரண்டியால பக்கெட்டுக்குப் பூசினான், அப்பறம் ஒத்த விரல விட்டு மோந்து பார்த்துட்டு என் கன்னத்துல தேச்சான், அத்தை சிரிச்சுட்டாங்க. ஸ்கூல்ல எப்படி சொல்றதுன்னுதான் தயக்கமா இருக்கு, மிஸ் தப்பா எடுத்துக்குவாங்களோன்னு.

ரெட்டைவாலு_மம்மி:
தயங்காம சொல்லுங்க. "அவன் தொடலைன்னா விட்டுருங்க மிஸ், பிரஷ் குடுங்க, வெறும் ஷீட் வந்தாலும் எங்களுக்கு சந்தோஷம்தான்"னு சிரிச்சுகிட்டே சொன்னா போதும். அவங்களுக்கும் குரூப்ல மயில் போடலைன்னா மத்த பேரன்ட்ஸ் கேப்பாங்கன்னு பயம் இருக்கும், பாவம்.

அப்பறம் பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு வெள்ளை சிமென்ட்டா இருந்தா மஞ்சள் கலர் மட்டும் அங்க வேண்டாம்ங்க, பிடிச்சா லேசுல போகாது. மஞ்சளை மொட்டை மாடிக்குக் கொண்டு போயிருங்க.