சிரட்டையை யார் கமத்துவது? சுகாதாரப் பணியில் மனதை விட்டுப் போகாத ஒரு கூட்டம்

மலையோரம்:
என் மனதை விட்டுப் போகாதது ஒரு டெங்கு தடுப்புக் கூட்டம்தான். ஜூன் மழை பிடித்துவிட்டது, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றாச்சு, பால் பிடிக்கிற சிரட்டையெல்லாம் கமத்தாமல் (கவிழ்க்காமல்) தண்ணீரோடு மரத்தில் கிடக்குது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழை. எல்லாத் துறையும் வந்திருந்தது. கிராம சுகாதார செவிலியர் ஒருவர் தன் பொறுப்பில் பால்வெட்டுகிற அக்கா ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். தோட்டக்காரருக்கு நோட்டீஸ், 1939 பொது சுகாதாரச் சட்டம் என்று பேச்சு போனது. அந்த அக்கா எழும்பி, "நோட்டீசு மொதலாளிக்குப் போவும் சாரே. சிரட்டைய கமத்த வேண்டியது நாங்க. மழையில வெட்டும் இல்ல, கூலியும் இல்ல. சும்மா ஆரு போயி கமத்துவா?" என்றார். தலைமை வகித்தவர் தாளைப் புரட்டி, "அடுத்த பொருள்" என்றார்.

வெளியே வராந்தாவில் அக்கா செவிலியரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: வெட்டு நிறுத்துகிற கடைசி நாள், அன்றைய கூலிக்குள்ளேயே கமத்தி வைத்துவிட்டுப் போகச் சொன்னால் எல்லாரும் செய்வார்களாம். தீர்வு அந்த அறைக்குள்தான் இருந்தது. கேட்க ஆளில்லை.

குழித்துறைக்காரன்:
அதிகாரியைக் குறை சொல்வது எளிது. 2017 பிப்ரவரி, தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் ஞாபகம் இருக்கா? 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும். வாட்ஸ்அப் வதந்தியில் பெற்றோர் பள்ளி வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். ஒரு அப்பா போனைத் தூக்கிக் காட்டினார். மருத்துவ அலுவலர் அம்மா, "முழுசாப் போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்று மைக்கை அந்தப் போனிடம் பிடித்தார். ஆடியோ முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றுக்கும் பதில். அதை யாரிடமும் கலந்து பேசி முடிவு செய்யவில்லை, அந்த நிமிடத்தில் தானே எடுத்தார். எல்லாவற்றுக்கும் கூட்டம் போட்டால் வதந்தி ஊரைச் சுற்றி வந்துவிடும்.

கடலோரத்துப் பிள்ளை:
குழித்துறை அண்ணா, அந்த டாக்டர் செய்தது கட்டளையா? கேட்டது அல்லவா? உங்கள் கதையே உங்களுக்கு எதிராகப் பேசுது.

ஒக்கி புயல். 2017 நவம்பர் 30-க்குப் பிறகான நாட்கள். வெளியூர் மருத்துவக் குழு மேசை, டோக்கன் எல்லாம் போட்டுக் காத்திருந்தது. ஒருத்தரும் வரவில்லை. கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீட்டுப் பெண் டோக்கன் வாங்க வருவாளா? எங்கள் ஊர் நர்சம்மா, "சார், பையை எடுத்துட்டு எனக்குப் பின்னால வாங்க" என்றார். அவரைவிட எத்தனையோ படி மேலே இருந்த அந்தப் பெரிய டாக்டர் மறுபேச்சில்லாமல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். நர்சம்மா ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தரையில் உட்கார்ந்தார். அப்புறம்தான் பிரஷர், சுகர் மாத்திரை நிறுத்தியது யார் யாரென்று தெரிந்தது. டாக்டர் பின்னால் நடந்தது எனக்கு மறக்கவே இல்லை.

பழையாறு:
எனக்குச் சின்னதுதான். 2021 நவம்பர் வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்கப் போனோம். அதே தெருவில் வேறொரு துறை குளோரின் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் வருவது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் வருவது எங்களுக்கும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கூட்டத்தில் கடைநிலை ஊழியரை முதலில் பேசவிடுங்கள். அதிகாரி பேசியபின் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் நேராக ஒரு ஆளின் பெயரை எழுதுங்கள், துறையின் பெயரை அல்ல. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களை வரிசையில் நிற்கவைத்துத் திட்டாதீர்கள், எந்த வீட்டுத் தொட்டி மூடியில்லாமல் கிடக்குது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற பெண்களையும் கூப்பிடுங்கள். தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஏசி அறையில் உட்காரவைப்பதைவிட, இரண்டு துறை ஆட்களை ஒரே ஜீப்பில் ஒரு வாரம் அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

மலையோரம்:
பழையாறு, அறிவுரை கேட்டு எழுதவில்லை, ஆனாலும் அந்தப் பெயர் எழுதுகிற விஷயம் சரி. அடுத்த மழைக்கு முன் கூட்டத்தைத் தோட்டத்திலேயே, பால் எடுத்து முடிக்கிற நேரத்தில் வைக்கலாமா என்று செவிலியர் எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. பக்கத்து ஒன்றியத்தில் யாராவது அப்படி நடத்தியிருந்தால், அன்றைய கூலியை யார் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.