தோட்டத்துப் பறவையும் செம்பருத்தியும்: 600 மில்லிமீட்டர் லென்ஸில் தெளிவு கிடைக்கவில்லை

கேள்வி: பின்கட்டுப் பார்வை

வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன்பு வாங்கிய 150–600 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸை ஏபிஎஸ்-சி (35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய) சென்சார் கேமராவில் பொருத்தி, வீட்டின் பின்புறத் தோட்டத்துக்கு வரும் சிட்டுக்குருவிகளைப் படமெடுத்து வருகிறேன். எட்டு மீட்டர் தொலைவில் உள்ள கிளையில் குருவி அமரும்போது, 600 மில்லிமீட்டரில், எஃப்/6.3 துளையில், 1/320 நொடி வேகத்தில், கையில் பிடித்தபடியே எடுக்கிறேன். கேமராவின் சிறு திரையில் குறையில்லாமல் தெரியும் படத்தைக் கணினியில் பெரிதாக்கினால், இறகுகள் மெழுகு பூசியதுபோல் குழைந்து கிடக்கின்றன. பூக்களின் கதை இன்னும் மோசம். செம்பருத்திக்கு நான்கு மீட்டர் தள்ளி நின்றாலும் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே தவிர, எங்கும் நிலைகொள்வதில்லை. லென்ஸில் குறையா, அல்லது பூக்களுக்கென்று தனியே மேக்ரோ (மிக அருகில் எடுப்பதற்கான) லென்ஸ் வாங்க வேண்டுமா? பழைய 70–300 லென்ஸ் ஒன்றும் பயன்படாமல் அலமாரியில் இருக்கிறது.

மறுமொழி: கிளைநிழல்

முதலில் லென்ஸின் பக்கவாட்டில் உள்ள பொத்தான்களைப் பாருங்கள். இவ்வகை லென்ஸ்கள் பலவற்றில், ஃபோகஸ் தேடும் எல்லையைக் குறுக்குவதற்கு ஒரு பொத்தான் இருக்கும். அது தொலைவுக்கு மட்டும் என்ற நிலையில் இருந்தால், பக்கத்தில் உள்ள எதையும் லென்ஸ் கண்டுகொள்ளாது. நான்கு மீட்டரில் பூ பிடிபடவில்லை என்று நீங்கள் சொல்வதைக் கேட்டதும் எனக்கு அந்த ஐயம்தான் வந்தது.

குருவியைப் பொறுத்தவரை 1/320 நொடி போதாது. கையில் பிடித்து எடுக்கும்போது குவியத்தூரத்தின் (லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணின்) தலைகீழ் எண்ணை ஷட்டர் வேகமாகக் கொள்வது பழைய வழக்கம். ஏபிஎஸ்-சி சென்சாரில் அதையும் ஒன்றரையால் பெருக்க வேண்டுமாதலால், 600 மில்லிமீட்டருக்கு 1/1000 நொடி என்றாகிறது. அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் தணிக்கும். அமர்ந்திருக்கும்போதே ஓயாமல் தலையைத் திருப்பும் குருவியை அதனால் நிறுத்த முடியாது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன் அளவு) ஏறுமே என்று தயங்க வேண்டாம். அதனால் படத்தில் தெரியும் புள்ளிகளான இரைச்சலைப் பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம், அசைவால் கலைந்த இறகை மீட்க முடியாது.

லென்ஸின் மீதுள்ள ஐயத்தைத் தீர்க்க, டிரைபாடில் கேமராவை நிறுத்தி, அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, எட்டு மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டிய செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். எழுத்துகள் கூர்மையாக வந்தால் லென்ஸில் குறையில்லை. முன்னால் மலிவான புறஊதா வடிகட்டி மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிட்டே சோதியுங்கள்.

மறுமொழி: இதழோரம்

பூக்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 600 மில்லிமீட்டர் வரை செல்லும் ஜூம்களில் பல, இரண்டரை மீட்டருக்குச் சற்று முன்பின்னாகத்தான் மிக அருகில் ஃபோகஸ் செய்யும். அந்தத் தொலைவும் லென்ஸின் முனையிலிருந்து அன்று, சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. அங்கே நின்று ஐந்தில் ஒரு பங்கு உருப்பெருக்கம் (சென்சாரில் விழும் உருவம் பூவின் அளவில் ஐந்தில் ஒன்று) கிடைத்தால்கூட, படத்தின் அகலம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். நன்கு விரிந்த செம்பருத்தி ஒன்று சட்டத்தை நிறைத்துவிடும். எனவே செம்பருத்திக்காக மேக்ரோ லென்ஸ் வாங்குவது வீண்செலவு.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள சிறு பூக்களுக்குத்தான் துணை தேவைப்படும். பலரும் உடனே கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டும் நீட்டிப்புக் குழாயைப் பரிந்துரைப்பார்கள். ஆனால் குழாயின் நீளத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதுதான் கூடுதல் உருப்பெருக்கம். 36 மில்லிமீட்டர் குழாயை 600 மில்லிமீட்டர் லென்ஸில் மாட்டினால் 0.06தான் கூடும். நீள லென்ஸுக்கு ஏற்றது, வடிகட்டிபோல் முன்னால் திருகும் இரட்டைக் கண்ணாடி குளோஸ்-அப் லென்ஸ். இரண்டு டயாப்டர் (கண்ணாடியின் திறன் அளவு) உள்ளதை உங்கள் பழைய 70–300 லென்ஸில் மாட்டி, முடிவிலியில் ஃபோகஸ் வைத்து, பூவுக்கு அரை மீட்டர் முன்னால் நின்றால், 300 மில்லிமீட்டரில் 0.6 மடங்கு உருவம் கிடைக்கும். அலமாரியில் இருப்பதை வெளியே எடுங்கள்.

நீள லென்ஸ் பூவுக்குச் செய்யும் பெரிய உதவி பின்னணியில் இருக்கிறது. பார்வைக் கோணம் மிகக் குறுகலாக இருப்பதால், ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தாலே வெளிறிய சுவர் விலகி, அடர்ந்த இலைநிழல் பூவுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

மறுமொழி: மண்வாசல்

மேலே சொன்னவற்றோடு எஃப்/11 வரை துளையைச் சுருக்கினால் குருவி முழுவதும் தெளிவாக வரும் என்பது என் அனுபவம்.

மறுமொழி: கிளைநிழல்

இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எஃப்/6.3இலிருந்து எஃப்/11க்குச் சென்றால் ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. மரநிழலில் அமரும் பறவைக்கு அந்த இழப்பு பெரியது. எட்டு மீட்டரில், எஃப்/6.3இலேயே நான்கு சென்டிமீட்டர் ஆழம் தெளிவாக விழும். பறவை பக்கவாட்டாக, உடல் சென்சாருக்கு இணையாக இருக்கும் கணத்தில் கண்ணில் ஃபோகஸ் வைத்தால், அலகு முதல் வால் வரை அந்த ஆழத்துக்குள் அடங்கிவிடும். ஐந்து மீட்டருக்கு நெருங்கினால் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுமாதலால், அங்கே துளையை ஒரு நிறுத்தம் (ஒளி பாதியாகும் அளவு) சுருக்குவதில் பொருளுண்டு.

ஆயினும் நெருங்குவதை நான் விடமாட்டேன். 600 மில்லிமீட்டரில் எட்டு மீட்டர் தொலைவில் உங்கள் சட்டத்தின் அகலம் 31 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் குருவி அதில் பாதியை நிறைக்கும். ஐந்து மீட்டரில் முக்கால் பங்கை நிறைக்கும். நாம் பறவையிடம் செல்வதைவிட, பறவை நம்மருகே வரும்படி செய்வதே முறை. தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில், பின்னணி வெகு தொலைவில் விழும் இடமாகப் பார்த்து, ஒரு காய்ந்த கிளையை நட்டு வைத்துவிட்டு, நான்கைந்து நாள்கள் கேமரா இல்லாமல் அதே நாற்காலியில் அமர்ந்திருங்கள். கூட்டின் பக்கம் மட்டும் போகவேண்டாம். நாம் நிற்பதாலேயே தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாமல் போகக்கூடும்.

கேள்வி கேட்டவர்: பின்கட்டுப் பார்வை

பொத்தான் தொலைவுக்கு மட்டும் என்ற நிலையில் இருந்தது என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். செய்தித்தாள் எழுத்துகள் கூர்மையாக வந்தன. 1/1000 நொடியில் இன்று காலை எடுத்த குருவியின் கழுத்தில் இறகுகளைத் தனித்தனியே எண்ண முடிகிறது. செம்பருத்தியும் பிடிபட்டது, ஆனால் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது.

மறுமொழி: இதழோரம்

மண்ணில் ஒரு குச்சியை ஊன்றி, சட்டத்துக்கு வெளியே காம்பைத் துணிக்கவ்வியால் அதனுடன் தளர்வாகப் பிடித்து வையுங்கள். விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் அதுகூடத் தேவைப்படாது.