ஒரே ஆலயம், இரண்டு ஆராதனை, இரண்டு தட்டு: மறுபடி ஒன்றாவது எப்படி?

மணியோசை என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்குத் தோத்திரம்.

எங்கள் சபையில் 2 ஆண்டுகளாக நான் செயலாளர். 6 ஆண்டுகளுக்கு முன்பு மாலை ஆராதனை ஒன்றைத் தொடங்கினோம். வீட்டு வேலை செய்கிறவர்கள், காவலாளிகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோரால் காலை எட்டரை மணிக்கு வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் நண்பகல் வரை அவர்களுக்கு வேலை. அவர்களுக்காக மாலை 4 மணிக்கு ஓர் ஆராதனை என்று முடிவு செய்தோம். யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்கவில்லை. அதை முன்மொழிந்தவர்களில் நானும் ஒருவன்.

சென்ற மாதம், அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முந்தின இரவு, கிண்ணங்களைத் துடைத்து வைக்கும் முறை எனக்கு வந்தது. அலமாரியைத் திறந்தேன். இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று வெள்ளிமுலாம் பூசியது, அதில் கண்ணாடிக் கிண்ணங்கள். மற்றது எவர்சில்வர், அதில் பிளாஸ்டிக் கிண்ணங்கள். எவர்சில்வர் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, நீல மையில் 'மாலை' என்று எழுதியிருந்தது. அது என் கையெழுத்து. எப்போது எழுதினேன் என்பதுகூட நினைவில் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு ஆராதனைகளையும் ஒன்றாக்க வேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். "அவர்களே தனியாக இருப்பதைத்தான் விரும்புகிறார்கள்" என்றார் ஒரு மூப்பர். இன்னொருவர், ஒரே வகையான மக்கள் ஒன்றாகக் கூடும்போதுதான் சபை வளரும் என்று மிஷனெரி அறிஞர் டொனால்ட் மக்கெவ்ரன் நிரூபித்திருக்கிறார் என்று வாதாடினார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில், நேரம் ஒத்துவராது என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

உங்களில் யாராவது இப்படிப் பிரிந்துபோன சபையை மறுபடி ஒன்றாக்கியிருக்கிறீர்களா? எங்கிருந்து தொடங்கினீர்கள்?

ஆவணப்பெட்டி எழுதியது:

சகோதரரே, மக்கெவ்ரனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தன் இனம், மொழி, வர்க்கம் ஆகிய எல்லைகளைக் கடக்காமலே கிறிஸ்தவராவதை மனிதர்கள் விரும்புகிறார்கள் என்று 1970-இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைக் கவனித்துச் சொன்ன கருத்து அது. விசுவாசத்துக்குள் வரும் வாசல் எது என்பது ஒரு கேள்வி. வந்தவர்கள் கடைசிவரை அந்த வாசலிலேயே தனித்தனியாக நிற்கலாமா என்பது வேறு கேள்வி. இந்தக் கருத்தை ஆராயவே 1977-இல் அமெரிக்காவின் பாசடீனாவில், உலகளாவிய சுவிசேஷ இயக்கமான லொசான் இயக்கம் தனி ஆலோசனைக் கூட்டம் நடத்தியது. உங்கள் மூப்பர் அதை 'நிரூபணம்' என்று சொன்னது சரியல்ல.

"யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் என் மனம் நின்றுவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த சபைக்கு நடந்ததைப் பாருங்கள். நிற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் ஒரே திருவிருந்து என்று அந்தச் சபையின் பேரவை 1829-இல் தீர்மானித்தது. 1857-இல் அதே பேரவை, ஒன்றாகக் கூடுவதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, 'சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு' தனித்தனியே கூடவும் இடம் கொடுத்தது. பலவீனம் என்றது வெள்ளையர்களின் பலவீனத்தை. கொடுத்தது ஒரு சலுகைதான், சட்டம் இல்லை. ஆனால் 1881-இல் 'நிறத்தவர்' என்று அழைக்கப்பட்ட கலப்பினத்தவருக்கென்று தனிச் சபையே அமைக்கப்பட்டது. 1948-க்குப் பிறகு ஒரு நாடே இனப்பிரிவினையைச் சட்டமாக்கியபோது, அதற்கு வேத ஆதாரம் காட்டியவர்களில் இந்தச் சபையின் இறையியலாளர்களும் இருந்தார்கள்.

அதற்கு எதிரான குரல் எங்கிருந்து எழுந்தது தெரியுமா? தனியே ஒதுக்கப்பட்ட அந்தச் சபையிலிருந்தே. 1982-இல் அவர்கள் வரைந்த பெல்ஹார் அறிக்கையை 1986-இல் தங்கள் விசுவாச அறிக்கையாகவே ஏற்றுக்கொண்டார்கள். திரித்துவத்தை அறிக்கையிடுகிற அதே மூச்சில், சபையின் ஒருமை கண்ணால் காணக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் அறிக்கையிட்டார்கள்.

உங்கள் தட்டின் அடியில் இருந்த பிளாஸ்திரியைப் படித்தபோது எனக்கு 1857-தான் நினைவுக்கு வந்தது. உங்களைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. 6 ஆண்டுகளிலேயே நீங்கள் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டீர்கள் என்பதற்காக கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

வேதபாட_ஆசிரியை எழுதியது:

தம்பி, எனக்கு வயது 71. தம்பி என்று அழைப்பதில் உங்களுக்கு வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன். நீங்கள் கேட்டதை எங்கள் சபையில் செய்திருக்கிறோம். சுலபமாக நடக்கவில்லை.

நான் எங்கிருந்து தொடங்கினேன் என்று முதலில் சொல்கிறேன். பெண்கள் கூட்டத்தில் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பொன் மோதிரம் அணிந்தவனும் கந்தை உடுத்தினவனும் ஆலயத்துக்குள் வருகிற பகுதி. எத்தனையோ முறை நடத்திய பாடம்தான். அன்று சத்தமாக வாசிக்கும்போது நாக்கு தடுக்கியது. நம் பழைய மொழிபெயர்ப்பில் பணக்காரனுக்கு 'ஐயா, நீர் உட்காரும்' என்றிருக்கிறது. ஏழைக்கு 'நீ நில்லு', 'உட்காரு'. இருக்கையில் மட்டும் பேதம் இல்லை, வினைச்சொல்லின் வாலிலேயே பேதம் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்களுக்கு நம் வாய் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அன்று காலை ஆலய வாசலில் நானே அப்படித்தான் பேசியிருந்தேன். புதிதாக வேலையில் சேர்ந்த இளம் மருத்துவரை, என் மகனைவிடச் சின்னவரை, "வாருங்கள், எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். எங்கள் காவலாளியை, என்னைவிட 3 வயது மூத்தவரை, "என்னப்பா, வந்துவிட்டாயா?" என்றேன். 12 ஆண்டுகளாக அப்படியே அழைத்து வந்திருக்கிறேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவர் பொறுத்துக்கொண்டதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவரை "அண்ணன், வாருங்கள்" என்றேன். அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார், நான் வேறு யாரையோ அழைக்கிறேன் என்று நினைத்து. அந்தத் திரும்பலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஆகையால் கமிட்டித் தீர்மானத்துக்கு முன்பே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: யார் யாரை உங்கள் சபையார் 'நீ' என்கிறார்கள், யார் யாரை 'நீங்கள்' என்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனியுங்கள். உங்கள் சபையின் உண்மையான அங்கத்தினர் பட்டியல் அதில் தெரியும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். கமிட்டியில் நேரத்தோடு பேச்சு முடிந்துவிட்டது என்கிறீர்கள். பவுலுக்கு அங்கேதான் பேச்சு தொடங்குகிறது. 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை 'அபாத்திரமாய்ப் பானம்பண்ணுதல்', அதாவது தகுதியில்லாமல் பருகுதல், என்ற ஒரு சொல்லுக்காகவே நாம் படிக்கிறோம். நம் இரகசியப் பாவங்களை நினைத்துத் தலை குனிகிறோம். ஆனால் கொரிந்து சபையில் நடந்தது என்ன? 'அவனவன் தன்தன் சொந்த சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான்.' ஓய்வு உள்ளவர்கள் முன்னதாக வந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து ரோம வீடுகளில் சாய்ந்து உண்ணும் அறையில் 3 மஞ்சங்கள், வழக்கமாக 9 பேருக்கு இடம். அது முதலில் வந்தவர்களால் நிரம்பிவிடும். அடிமையும் கூலியாளும் எஜமான் விட்ட பிறகுதான் வர முடியும், அவர்கள் நேரம் அவர்கள் கையில் இல்லை. வந்து பார்க்கும்போது பாத்திரம் காலி. 'இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?' என்று பவுல் கேட்பது இதைத்தான்.

தீர்வாக அவர் இரண்டாவது பந்தி போடச் சொல்லவில்லை. 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்றார்.

எங்கள் சபையில் இதை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஆராதனையை 12 மணிக்கு மாற்றினோம். கடைசியாக வேலை முடிந்து வருகிற குழு உள்ளே வந்து உட்காரும்வரை முதல் பாடலைத் தொடங்குவதில்லை என்று முடிவு செய்தோம். முதல் ஞாயிறு 25 நிமிடம் காத்திருந்தோம். ஆர்கன் இல்லை, பேச்சு இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். முன்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பின்பு கதவு திறந்தது. கைகளில் சிமெண்டு வெளுப்போடு 9 பேர் வந்தார்கள். தாமதமாக வந்ததற்காகக் கூனிக் குறுகி நுழைந்தவர்கள், மொத்த ஆலயமும் தங்களுக்காக உட்கார்ந்திருப்பதைக் கண்டு நடைபாதையிலேயே நின்றுவிட்டார்கள். நான் எத்தனையோ எழுப்புதல் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்துக்கு ஈடாக ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

4 குடும்பங்கள் எங்களை விட்டுப் போனார்கள். ஒரு குடும்பம் திரும்பி வந்தது. இதையும் சொல்லாவிட்டால் நான் உண்மையைச் சொன்னதாகாது.

வாசிப்பவரின்_மகள் எழுதியது:

ஆசிரியை அம்மா எழுதியதைக் கண்ணீரோடு படித்தேன். ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும்.

என் தாயார் 30 ஆண்டுகள் வீட்டு வேலை செய்தவர். எங்கள் சபையிலும் இப்படி ஒரு தனி ஆராதனை இருந்தது. அதில்தான் என் தாயார் முதன்முறையாக வேதபாடம் வாசித்தார். 40 வயதுக்குமேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். சங்கீதம் 113-ஐ விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். 'சிறியவனைப் புழுதியிலிருந்து' என்ற இடத்தில் 'ழு' வரவில்லை. நிறுத்தினார், மறுபடி தொடங்கினார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. யாரும் இருமவில்லை. முடிக்கும்வரை எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

பிறகு பெரிய மனதோடு ஆராதனைகளை ஒன்றாக்கினார்கள். வாசிப்பவர் பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டப்பட்டது. உச்சரிப்பு நன்றாக உள்ளவர்கள் மட்டும் அதில் இருந்தார்கள். என் தாயாருக்கு வாசலில் நல்ல வரவேற்பு, நல்ல இருக்கை, எல்லாம் கிடைத்தது. அதற்குப் பின் 8 ஆண்டுகள், அவர் மரிக்கும்வரை, ஒருமுறைகூட வாசிக்கவில்லை.

அவர்கள் தனியாக இருப்பதை விரும்புகிறார்கள் என்று அந்த மூப்பர் சொன்னது ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம் ஐயா. ஏன் விரும்புகிறார்கள் என்று யாராவது அவர்களிடம் கேட்டீர்களா?

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகளுக்கு அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், குறை வந்தபோது அவர்கள் முறுமுறுத்தார்கள். சபை என்ன செய்தது? 7 பேரைத் தெரிந்துகொண்டது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்திலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பெருந்தன்மையாக இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து வாயடைக்கவில்லை. கரண்டியையே கையில் கொடுத்தார்கள்.

வேதபாட_ஆசிரியை எழுதியது:

மகளே, நீங்கள் சொல்வது எங்களுக்கும் நடந்தது. முதல் ஆண்டு முழுவதும் நாங்கள் காத்திருந்தோம், வரவேற்றோம், பெருமிதப்பட்டோம். கமிட்டியில் மட்டும் அதே பழைய முகங்கள். உங்கள் தாயாரைப்போல் எங்களிடம் எத்தனை பேர் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். வாசிப்பவர் பட்டியலை இந்த வாரமே எடுத்துப் பார்க்கிறேன்.

மணியோசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத 2 வாரம் ஆகிவிட்டது.

வாசிப்பவரின் மகளுடைய கேள்வி என்னைக் குத்தியது. 6 ஆண்டுகளில் நான் மாலை ஆராதனைக்கு அறிக்கை வாசிக்கப் போயிருக்கிறேன், கணக்குப் பார்க்கப் போயிருக்கிறேன். ஆராதிக்கப் போனதில்லை. சென்ற ஞாயிறு மனைவியோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எழுந்து முன்னால் வரச் சொன்னார்கள். இங்கேயே இருக்கிறோம் என்றேன்.

ஆராதனை முடிந்ததும் அங்கே ஜெபக்குழுவை நடத்துகிற அம்மாளிடம், ஒன்றாகக் கூடுவதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. தங்களுக்குள் பேச வேண்டும் என்றார்கள், நான் இல்லாமல். வியாழக்கிழமை எனக்குச் செய்தி வந்தது. நேரம் 1 மணி. வாசிப்பவர், ஜெபம் செய்பவர் இரண்டிலும் பாதிப்பேர் அவர்களிலிருந்து. கமிட்டியில் 3 இடம், நியமனமாக வேண்டாம், தேர்தலில் நிற்கிறோம் என்றார்கள். அதோடு, தங்கள் பாடல்களைத் தங்கள் இராகத்திலேயே பாட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். இராகத்துக்குத்தான் எங்கள் பாடகர் குழுவில் அதிக எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன். கமிட்டிக் கூட்டத்தில் அந்த அம்மாளே நேரில் வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பிளாஸ்திரியை உரித்து எடுத்துவிட்டேன். கண்ணாடிக் கிண்ணங்களையே எல்லோருக்கும் வாங்கிவிடலாம் என்று அந்த அம்மாளிடம் ஆசையாகச் சொன்னேன். "கண்ணாடி வேண்டாம் ஐயா, கழுவும்போது விரலைக் கிழிக்கும், நான் எத்தனை வீட்டில் கழுவியிருக்கிறேன்" என்றார்கள். எவர்சில்வரிலேயே சின்னக் கிண்ணம் கிடைக்குமாம், ஒரே மாதிரி, எல்லோருக்கும். இரண்டு ஆராதனைகளின் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். 210 கிண்ணங்கள் வேண்டும்.