ஒரே மெஷின், மூணு பேரு, மூணு பாஷை: மிண்ட்ல மெனுவையும் செட்டிங்கையும் எப்படிப் பிரிச்சு வைக்கிறது?

ரங்கூன்_பிரிண்ட்கடை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நமக்கு ரங்கூன்ல சின்னதா ஒரு டைப்பிங், பிரிண்டிங் கடை. உருப்படியா இருக்கிறது ஒரே ஒரு டெஸ்க்டாப், பழைய கோர் ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நின்னுபோச்சு, 11 இதுல ஏறாதுன்னு மெஷினே சொல்லிடுச்சு, அதனால மச்சான் வந்து லினக்ஸ் மிண்ட் 22 (விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இலவச சிஸ்டம்), சின்னமன்ங்கிற டெஸ்க்டாப்போட போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. விண்டோஸையும் எடுக்கல, பக்கத்துலயே இருக்கு, பேஜ்மேக்கர்ல பண்ணின பழைய கல்யாணப் பத்திரிகையெல்லாம் அதுலதான் கிடக்கு.

இப்ப விஷயம் என்னன்னா மெஷின்ல உக்கார்றது மூணு பேரு. அப்பா கோயில் நோட்டீஸ், பங்குனி உத்திர ரசீதுன்னு அடிப்பாரு, அவருக்கு தமிழ்தான் சரளமா படிக்க வரும், பர்மீஸ் நல்லா பேசுவாரு ஆனா படிக்கிறது சிரமம், கண்ணும் முன்ன மாதிரி இல்ல. கடைப் பையன் பர்மாக்காரன், பர்மீஸ் டைப்பிங் பூரா அவன்தான். நான் இங்கிலீஷ்லயே பழகிட்டேன். மெனுவை தமிழ்ல மாத்தினா பையன் முழிப்பான், பர்மீஸ்ல மாத்தினா அப்பா மெஷின் பக்கமே வரமாட்டாரு. அந்த மெனுவைத் தொறந்தா வேற அம்பது அறுபது ஐட்டம் இருக்கு, அப்பாவுக்குத் தேவை நாலோ அஞ்சோ. கீபோர்டும் மூணு வேணும். இதுக்கு நடுவுல கஸ்டமர் பென் டிரைவைக் கொண்டுவந்து நானே பாத்துக்கறேன்னு உக்காந்துடறாங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

தட்டோன்_தம்பி எழுதியது:

அண்ணே எதுக்கு இவ்ளோ கஷ்டம், விண்டோஸ் 11ஐ பைபாஸ் பண்ணி ஏத்திடுங்க, யூடியூப்ல பூரா கிடக்கு.

பெகு_டீச்சர் எழுதியது:

தம்பி சொல்றபடி ஏத்தலாம்தான், ஆனா எட்டாம் தலைமுறைக்கு முந்தின இன்டெல் மெஷின்ல அப்டி ஏத்தினா நாளைக்கு அப்டேட் வராட்டா யாரைக் கேக்கறது, பொழப்பு நடக்கிற மெஷின்ல அந்த ரிஸ்க் வேணாம். 4 ஜிபில 11 ஓடுற ஓட்டமும் எனக்குத் தெரியும். மிண்டே இருக்கட்டும்.

ரங்கூன் அண்ணே, நீங்க "மெஷினை எந்த பாஷைல வைக்கிறது"ன்னு யோசிக்கிறதாலதான் இது சிக்கலாத் தெரியுது. மெஷினுக்கு பாஷை வேணாம், ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் போடுங்க, அவ்ளோதான். மிண்ட்ல பாஷை, பேனல், மெனு, கீபோர்டு, எழுத்து சைஸ் எல்லாமே அந்தந்த யூசரோட ஹோம் ஃபோல்டர்லதான் உக்காந்திருக்கும், ஒருத்தர் மாத்தினா இன்னொருத்தருக்குத் தெரியவே தெரியாது. யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்ல போய் அப்பாவுக்கு ஒன்னு, பையனுக்கு ஒன்னு, ரெண்டையும் ஸ்டாண்டர்டா போடுங்க, அட்மின் உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும்.

பாஷைக்கு முதல்ல உங்க அக்கவுண்ட்ல இருந்தே லாங்குவேஜஸ் தொறந்து இன்ஸ்டால் ரிமூவ்ங்கிற பட்டனுக்குள்ள போய் தமிழையும் பர்மீஸையும் சேத்துடுங்க. லிஸ்ட்ல தமிழ் இந்தியா, தமிழ் இலங்கைன்னு ரெண்டுதான் இருக்கும், நம்ம ஊருக்குத் தனியா கிடையாது, எதை எடுத்தாலும் மெனு தமிழ்தான். பக்கத்துலயே லாங்குவேஜ் பேக் குறையுதுன்னு காட்டினா அதையும் இறக்கிடுங்க, இல்லாட்டி வேர்ட், எக்ஸெல் மாதிரி இருக்கிற லிப்ரே ஆபீஸ் (அதுல ரைட்டர், கால்க்னு பேரு) மட்டும் இங்கிலீஷ்லயே நிக்கும். அப்புறம் அப்பா அக்கவுண்ட்ல நுழைஞ்சு லாங்குவேஜை தமிழ்னு வைங்க. அதுக்குக் கீழ ரீஜன்னு தனியா ஒன்னு இருக்கும், அது தேதி, காசு, நம்பர் எப்படிக் காட்டணும்ங்கிறதுக்கு. அதுல மியான்மர் போட்டா மாசப் பேரெல்லாம் பர்மீஸ் எழுத்துல வந்து நிக்கும், அப்பாவுக்கு அது ஆகாது, அதனால அதையும் தமிழ்லயே விடுங்க. மணி இதால மாறாது, டைம் ஸோன் யாங்கோன் (நம்ம ரங்கூன்தான்), கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னன்னு தனியா இருக்கு. "சிஸ்டம் முழுசுக்கும்"னு ஒரு பட்டன் இருக்கும், அதை மட்டும் தொடாதீங்க, அது லாகின் ஸ்கிரீன் வரைக்கும் மாத்திடும், பையன் காலைல வந்து முழிச்சுட்டு நிப்பான்.

லாக் அவுட் பண்ணி திரும்ப உள்ள வந்ததும் ஒரு பெட்டி எழும்பும், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ்னு இருக்கிற ஃபோல்டர் பேரையெல்லாம் தமிழ்ல மாத்தட்டுமான்னு கேக்கும். பழைய பேரே இருக்கட்டும்னு குடுத்து, திரும்பக் கேக்காதேங்கிற டிக்கையும் போட்டுடுங்க. நாளைக்கு நீங்க ஃபோன்ல அப்பாகிட்ட "டவுன்லோட்ஸ்ல பாருங்க"ன்னு சொல்றப்ப அங்க அந்தப் பேரு இருக்கணும்ல.

மெனுவுக்கு வருவோம். கீழ இடது மூலைல இருக்கிற மெனு பட்டன் மேல ரைட் கிளிக், கான்ஃபிகர், அதுக்குள்ள மெனு எடிட்டர் தொறக்கிறதுக்கு பட்டன் இருக்கும். ஒவ்வொரு ஐட்டம் பக்கத்துலயும் டிக், எடுத்தா மறைஞ்சிடும், அந்த யூசருக்கு மட்டும்தான் மறையும், புரோகிராம் எங்கயும் போகாது. அப்பாவுக்கு ரைட்டர், கால்க், ஃபைல் மேனேஜர், பிரிண்டர், ஸ்கேனர் மட்டும் விட்டுட்டு மத்ததை எடுத்துடுங்க. அதே எடிட்டர்ல ஐட்டத்தோட ப்ராபர்ட்டீஸ்ல பேரையும் மாத்தலாம். எங்க பள்ளிக்கூடத்துல பெரியவங்க உக்கார்ற மெஷின்ல ரைட்டரை "நோட்டீஸ் எழுத"ன்னும் கால்க்கை "கணக்கு"ன்னும் வச்சிருக்கோம், அதுக்கப்புறம் யாரும் எதுடா எதுன்னு கேக்கறதில்ல. அந்த ரெண்டையும் ரைட் கிளிக் பண்ணி பேனல்லயும் போட்டுடுங்க. அந்த ரைட் கிளிக் மெனுவுல அன்இன்ஸ்டால்னும் ஒன்னு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும், ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்னா அட்மின் பாஸ்வேர்ட் கேக்கும், அதுக்குத்தான் அட்மினை நீங்க வச்சுக்கங்கன்னது.

எழுத்து பெருசாக ஃபான்ட் செலக்ஷன்ல டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டர், ஒன்னை 1.3 ஆக்குங்க, அதுக்கு மேல போனா சில பெட்டில பட்டனே ஸ்கிரீனுக்கு வெளில போயிடும். பேனல் உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்க. கஸ்டமருக்கு லாகின் விண்டோ செட்டிங்க்ல கெஸ்ட் செஷனை அனுமதிச்சுடுங்க, பாஸ்வேர்ட் இல்லாம நுழைவாங்க, வெளில போனதும் அவங்க வச்ச ஃபைல் பூரா அழிஞ்சிடும். அதை முன்கூட்டியே அவங்களுக்குச் சொல்லிடுங்க, இல்லாட்டி சண்டைதான்.

ரங்கூன்_பிரிண்ட்கடை எழுதியது:

டீச்சர் ரொம்ப நன்றி, அக்கவுண்ட் மூணும் போட்டாச்சு. அப்பா "நோட்டீஸ் எழுத"ன்னு பாத்ததும் சிரிச்சுட்டாரு, கண்ணாடி போடாமயே படிக்கிறாரு. ஆனா ஒன்னு, சுவிட்ச் யூசர்னு குடுத்து அப்பாகிட்ட இருந்து பையனுக்கு மாறினா மெஷின் ஊர்ந்து போகுது. கீபோர்டு லிஸ்டைத் தொறந்தா தமிழ்னே அஞ்சாறு இருக்கு, பர்மீஸ்லயும் ரெண்டு மூணு இருக்கு, எதை எடுக்கறது?

மௌல்மீன்_அண்ணாச்சி எழுதியது:

சுவிட்ச் யூசர்னா முதல் ஆள் எந்திரிச்சுப் போகல, உள்ளயேதான் உக்காந்திருக்கார்னு அர்த்தம், அவரோட ஃபயர்பாக்ஸும் சேந்து ராம்ல கிடக்கும். 4 ஜிபிக்கு அது தாங்காது. லாக் அவுட் பண்ணிட்டு மாறச் சொல்லுங்க. எஃபெக்ட்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, விண்டோ தொறக்கிறப்ப மூடுறப்ப காட்டுற வித்தையெல்லாம், மூணு அக்கவுண்ட்லயும் அணைச்சுடுங்க. அப்பவும் இழுத்தா சின்னமனை விட லேசான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்கு மாறிடுங்க, நான் அதுலதான் இருக்கேன், சின்னமன் அழகு எனக்கு வேணாம்.

கீபோர்டு. தமிழ்நெட் 99னு வெறுமனே இருக்கும் பாருங்க, அதை எடுங்க. அதே பேரோட வால்ல டேப் (TAB), டிஸ்கி (TSCII)ன்னு ஒட்டிக்கிட்டு வர்றதெல்லாம் யூனிகோடுக்கு முந்தின என்கோடிங், அடிச்சா ஸ்கிரீன்ல கண்டது கழியது வரும். தமிழ் எண்களோடன்னு ஒன்னு இருக்கும், அது எடுத்தா 1, 2 அடிக்கிற இடத்துல ௧, ௨ விழும், ரசீது அடிக்கிற எடத்துல அது வம்பு. பர்மீஸ்ல ஜாஜீன்னு (யூனிகோடு இல்லாத பழைய பர்மீஸ் எழுத்து முறை) போட்டது வேணாம், வெறும் பர்மீஸ் போதும். 2019 அக்டோபர் 1லயே நாடு யூனிகோடுக்கு மாறியாச்சு, ஆனா பழைய ஜாஜீ ஃபைலைத் தூக்கிக்கிட்டு இன்னும் ஆளு வரத்தான் செய்வாங்க. அதுக்காக ஜாஜீ ஃபான்டை இன்ஸ்டால் பண்ணி வச்சீங்கன்னா நல்லா இருக்கிற யூனிகோடு ஃபைலும் சில நேரம் அந்த ஃபான்ட்ல தொறந்து எழுத்து கலைஞ்சு நிக்கும். கன்வெர்ட்டர்ல போட்டு மாத்திக் குடுங்க, ஃபான்டை உள்ள விடாதீங்க.

ஒரு அக்கவுண்ட்ல நாலு லேஅவுட்டுக்கு மேல சேக்க விடாது, உங்களுக்கு ரெண்டே போதும், அப்பாவுக்கு இங்கிலீஷும் தமிழும், பையனுக்கு இங்கிலீஷும் பர்மீஸும். மாத்துற கீயை லேஅவுட் பக்கத்துல ஆப்ஷன்ஸ்னு போனா வைக்கலாம். எல்லாரும் ஆல்ட் ஷிஃப்ட் வைப்பாங்க, பெரியவங்களுக்கு ரெண்டு விரல் வேலை வேணாம், கேப்ஸ் லாக்கையே குடுத்துடுங்க, தமிழ் அடிக்கிறவருக்கு கேப்ஸ் லாக் எதுக்கு. அதே ஆப்ஷன்ஸ்ல இன்னொன்னு இருக்கு, நிறைய பேரு பாக்கறதே இல்ல: ரெண்டாவது லேஅவுட் ஓடுறப்ப கீபோர்டுல ஒரு லைட் எரியணும்னு வைக்கலாம். ஸ்க்ரோல் லாக் லைட்டைக் குடுங்க. அப்பா ஸ்கிரீனோட மூலைல இருக்கிற சின்ன எழுத்தைத் தேடவே வேணாம், கைக்கு முன்னாடி பச்சை எரிஞ்சா தமிழ், எரியலைன்னா இங்கிலீஷ்.

பெகு_டீச்சர் எழுதியது:

அண்ணாச்சி சொன்னதுல ஒன்னு சேத்துக்கறேன். அப்பா விண்டோஸ்ல தமிழ் 99 பழகினவர்னா "கக" அடிச்சா தானா "க்க" ஆகணும்னு எதிர்பார்ப்பாரு, சிஸ்டத்தோட சாதா லேஅவுட்ல அந்தப் புள்ளி தானா விழாது, அவரே போடணும். அது வேணும்னா இன்புட் மெத்தட் தொறந்து ஐபஸ்னு (அடிக்கிறதை எழுத்தா மாத்திக் குடுக்கிற புரோகிராம்) ஒன்னைப் போட்டு, எம்17என்ங்கிற பேக்கேஜையும் சேத்து, அதுல இருக்கிற தமிழ் 99ஐ எடுங்க, அங்க விழும். ஃபோன் மாதிரி இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு அடிச்சு தமிழ் வரவைக்கிற ஃபொனெட்டிக்கும் அதுலயே இருக்கு.

தட்டோன்_தம்பி எழுதியது:

டீச்சர் மெனுவை தமிழ்ல வச்சா லிப்ரே ஆபீஸும் தமிழாயிடுமே, எங்க மாமா கடைல அது ஒரு பாதி தமிழ் ஒரு பாதி இங்கிலீஷ்னு வந்து ஆளு கடுப்பாயிட்டாரு.

பெகு_டீச்சர் எழுதியது:

ஆமா, மொழிபெயர்ப்பு முடியாத இடமெல்லாம் இங்கிலீஷ்லயே நிக்கும். லிப்ரே ஆபீஸுக்கு மட்டும் தனியா மாத்தலாம் தம்பி, டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அங்க லாங்குவேஜுக்கான பக்கம், அதுல யூசர் இன்டர்ஃபேஸ்னு முதல் வரி. ஆபீஸ் இங்கிலீஷ், மத்த மெனு தமிழ்னு வச்சுக்கலாம். அந்த ஆப்ஷன்ஸ்ல இருக்கறப்பவே லோட் சேவ் பக்கத்துல ஆட்டோ ரெகவரின்னு இருக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கன்னு இருக்கிறதை ரெண்டு ஆக்கிடுங்க. நம்ம ஊரு கரண்ட் பத்தி நான் சொல்ல வேணாம்.

ரங்கூன்_பிரிண்ட்கடை எழுதியது:

லைட் வேலை செய்யுது அண்ணாச்சி, அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இன்னும் ரெண்டே கேள்வி. பையன் அடிச்ச ஃபைலை நான் திருத்தணும்னா அவன் அக்கவுண்ட்குள்ள போகாம முடியலயே, எல்லாருக்கும் பொதுவா ஒரு ஃபோல்டர் வேணும். விண்டோஸ்ல இருக்கிற டி டிரைவை அதுக்கு வச்சுக்கலாம்னு பாத்தா சில நாள் எழுத விடுது, சில நாள் படிக்க மட்டும்தான் முடியுது. இன்னொன்னு, மிண்ட்ல இருந்துட்டு விண்டோஸுக்குப் போனா கடிகாரம் ஆறரை மணி நேரம் பின்னாடி நிக்குது.

மௌல்மீன்_அண்ணாச்சி எழுதியது:

டி டிரைவ் தாராளமா வைக்கலாம். படிக்க மட்டும் முடியுதுன்னா அன்னிக்கு விண்டோஸ் முழுசா அணையல. அதுல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒன்னு இருக்கு, ஷட்டவுன் குடுத்தாலும் பாதித் தூக்கத்துலதான் போகும், டிரைவையும் பூட்டி வச்சுக்கும், மிண்ட் அதைப் பாத்து எழுதாம ஒதுங்கிக்கும். விண்டோஸோட கண்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கிற பக்கத்துல அந்த டிக்கை எடுத்துடுங்க. அப்புறம் மிண்ட்ல டிஸ்க்ஸ் தொறந்து அந்த பார்ட்டிஷனோட மவுண்ட் ஆப்ஷன்ஸ்ல, சிஸ்டம் ஸ்டார்ட் ஆகுறப்பவே ஏறணும்னு வைங்க, அப்பதான் மூணு அக்கவுண்ட்லயும் பாஸ்வேர்ட் கேக்காம வரும்.

மணி விஷயம் சிம்பிள். மதர்போர்டுல இருக்கிற கடிகாரத்துல லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு நினைச்சு அப்படியே காட்டும், நமக்கும் கிரீன்விச்சுக்கும் வித்தியாசம் ஆறரை மணி, அதான். கமாண்ட் டைப் பண்ற டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் கமாண்ட்ல செட் லோக்கல் ஆர்டிசியை 1ன்னு (timedatectl set-local-rtc 1) ஒருதரம் குடுங்க, அட்மின் பாஸ்வேர்ட் கேக்கும். அதுக்கப்புறம் விண்டோஸுக்குள்ள போய் மணியை ஒருக்க சரி பண்ணிடுங்க.